உறைந்த மூன்று குப்பிகள்

இரண்டு ஜெனரேற்றர்களை அரைச்சுமையில் ஓட்டுவதைவிட ஒன்றை முழுச்சுமையில் ஓட்டுவது நல்லது. அரைச்சுமையில் ஓடும் இயந்திரம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கே டீசலைக் குடிக்கும். புகையும் கறுப்பாகக் கக்கும். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். என் கணக்குகள் எப்போதும் சரியாகவே இருந்தன. ஒரு பெண்ணின் சாவு என் கணக்குப் பிழையால் நடந்தது என்றிருந்தால் இவ்வளவு காலம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

அவர் என்னோடு வேலை செய்தவரின் மனைவி. அந்தப் பெண் செத்த பிறகு அவர்மேல் ஒரு பழி விழுந்தது. அதுவும் என்னால்தான். அந்தப் பழியைத் துடைக்க என் வாயிலிருந்து நாலு வசனம் போதும். அந்த நாலு வசனத்தைச் சொல்லாமலே நான் ஓய்வூதியம் எடுக்கும் வயதுவரை வந்துவிட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு சிறிய விமான நிலையத்தில் மின்பகுதி என் பொறுப்பில் இருந்தது. ஓடுபாதையின் ஒரு பக்கம் படையினருடையது. மறுபக்கம் பயணிகள் வந்திறங்கும் சின்னக் கட்டடம், தீயணைப்புக் கொட்டகை, ஜெனரேற்றர் அறை, நான் இருந்து எழுதும் என் கந்தோர். அவ்வளவுதான் எங்களுக்கு. வாரத்தில் சில நாட்கள் கொழும்பிலிருந்து சிறு விமானம் வரும். ஊர் மின்சாரம் வந்தால் வந்ததுதான். கம்பம் ஒன்று விழுந்தால் அதைத் திரும்ப நடுவதற்கு வாரக்கணக்காகும். ஆகவே இரண்டு ஜெனரேற்றர்களை நம்பியிருந்தோம். விமானம் வரும் நேரத்துக்குப் பெரியது. மற்ற நேரமெல்லாம் சின்னது.

அவற்றை ஓட்டியவர் கிண்ணியாக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்று கூப்பிட்டேன்; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு நான் சேர். புகைக்குழாயின் சத்தத்தை வைத்தே எவ்வளவு சுமை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். என் மீற்றர் பிறகுதான் அதை ஒத்துக்கொள்ளும். தினமும் காலையில் பாதையில் ஏறி வருவார். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கடல்வாயைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வார்கள். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை.

அவருடைய மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே சீனி வருத்தம். விழுங்குகிற குளிசைக்குக் கட்டுப்படாத வகை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும். அவர்களுக்கு ஒரே மகள், அப்போது பத்து வயது. வீட்டில் மின்சாரம் இல்லாததால், பாவிக்கிற குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மிச்சக் குப்பிகளைக் காக்கா எங்கள் கந்தோர் பிரிட்ஜில் வைப்பார். மருந்து கொண்டுபோகிறவனைக் காவலரணில் சும்மா விடாத காலம் அது. ஒவ்வொரு முறையும் ஒரு குப்பியை வெளியே எடுக்கும்போது, இது சொந்தப் பாவனைக்கானது என்று நான் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பேன்.

பெருநாளைக்கு அந்தப் பெண் எங்கள் எல்லோருக்கும் வட்டிலப்பம் செய்து அனுப்புவார்.

"ருசி பாக்க ஏலாதவ செய்யிறது, சேர். குறை சொல்லிப் போடாதீங்க" என்று சொல்லித்தான் காக்கா பாத்திரத்தைத் திறப்பார். ஒரு தடவையாவது இனிப்புக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உலகத்து விமான நிலையங்கள் தாங்கள் வெளிவிடும் காபனைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. நாங்களும் எங்கள் எரிபொருளையும் மின்சாரத்தையும் அளந்து, குறைக்கும் வழிகளை எழுதி அனுப்ப வேண்டும் என்றிருந்தது. நான் அதைத் தீயணைப்புக் கொட்டகையில் சத்தமாக வாசித்தேன். தீயணைப்புப் பகுதியின் தலைவர் சம்பூர்க்காரர், வாய் சும்மா இருக்காத மனிதர்.

"சுத்திவர நாடு எரியுது, சேர். நாங்க நாலு பேர் புகையைக் குறைச்சு என்ன செய்யப்போறம்?" என்றார்.

"எங்களால ஏலுமானது இதுதானே, அண்ணை."

"அப்ப சரி. நாளைக்கு பிளேன் இறங்கினதும் எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நானும் காக்காவும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாறம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்தச் சுற்றறிக்கை பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால், போருக்குள் என் சொல் கேட்டு நடக்கக்கூடிய ஒரே பொருள் அந்த இரண்டு இயந்திரங்கள்தான். மற்ற எதையும் என்னால் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை.

ஒரு மாதம் எல்லாவற்றையும் அளந்தேன். எந்த விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிகிறது, எந்த அறையில் ஆளில்லாமல் குளிரூட்டி ஓடுகிறது என்று எழுதினேன். பயணிகள் கட்டடத்தின் தகரக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். உள்ளே வெக்கை நன்றாகக் குறைந்தது. வடக்குப் பக்க யன்னல்களைத் திறந்து விட்டு இரண்டு குளிரூட்டிகளை நிறுத்தினோம். பழைய குண்டு விளக்குகளைக் கழற்றி, மின்சாரம் குறைவாக இழுக்கும் குழல் விளக்குகளைப் போட்டோம். நின்றுகொண்டிருக்கும் விமானம் உள்ளே வெளிச்சத்துக்காகத் தன் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று தரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கக் கம்பி இழுத்தோம். இன்றைக்குப் பெரிய விமான நிலையங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிறவற்றை நாங்கள் சுண்ணாம்பாலும் பழைய கம்பியாலும் செய்தோம். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

ஆனாலும் சின்ன ஜெனரேற்றர் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றிக் கேட்டவர் காக்காதான்.

"றேடியோவுக்குப் பற்றரி கிடக்கு. பகல்ல லைற் வேணாம். இந்தச் சின்ன எஞ்சின் இப்ப எதுக்கு சேர் ஓடுது? ஒரு பிரிட்ஜுக்காகவா?"

அவர் சொன்னது சரி. அந்த இயந்திரம் ஓடுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே காரணம் என் கந்தோர் மூலையில் நின்ற பிரிட்ஜ். குடிதண்ணீரும் சாப்பாடும் அவருடைய மருந்தும் அதற்குள் இருந்தன.

"நிப்பாட்டுவம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அவட ஊசி மருந்து பழுதாப் போயிடுமே, சேர்."

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய ஜெனரேற்றர் எப்படியும் விமானத்துக்காகச் சில மணித்தியாலம் ஓடும். அந்த நேரத்தில் பிரிட்ஜை அதி உச்சக் குளிரில் வைத்து, உள்ளே தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி உறைய விட வேண்டும். இயந்திரம் நின்ற பிறகு அந்த ஐஸ், அடுத்த ஓட்டம்வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரத்தைப் பற்றரியில் சேமிப்பதைப் போல, குளிரை ஐஸில் சேமிப்பது. கதவோரத்துக்கு ரயர் றப்பர் வெட்டி ஒட்டினோம். சுற்றிவரச் சாக்கும் தும்பும் கட்டினோம். ஒரு வாரம் சோதித்துப் பார்த்ததில் குளிர் இறங்கவே இல்லை. சின்ன ஜெனரேற்றரை நிறுத்தி, அதன்மேல் படங்கு போட்டு மூடினோம்.

"மருந்து?" என்று காக்கா திரும்பவும் கேட்டார். தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ, காக்கா. முந்தினதைவிடக் குளிரா இருக்கும். பழுதாகாது" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். ஆஸ்பத்திரித் தாதி அவருக்குக் குளிரில் வையுங்கள் என்று மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தார். குளிர் கூடக் கூட மருந்துக்கு நல்லது என்று அவர் எடுத்துக்கொண்டார். மேல் தட்டில் இருந்த மூன்று குப்பிகளையும் எடுத்து, தன் கையாலேயே ஐஸ் போத்தல்களுக்கு நடுவில் பத்திரமாகச் செருகி வைத்தார்.

கச்சான் என்று நாங்கள் சொல்லும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதம். பேச்சுவார்த்தை முறிந்து, துறைமுகத்துக் கடற்குடாவின் மறுகரையில் சண்டை தொடங்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு காலையில் தண்ணீர் எடுப்பதற்காகப் பிரிட்ஜைத் திறந்தேன். போத்தல்களை விலக்கியபோது ஒரு சின்னப் பெட்டி ஐஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த குப்பி வெள்ளைக் கல்லாக இருந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தேன். ஆங்கிலத்தில் மிகச் சின்ன எழுத்து. உறைய விடக்கூடாது, உறைந்ததைப் பாவிக்கக்கூடாது என்று அதில் இருந்தது. காக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவன். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

பிறகு மூன்று குப்பிகளையும் உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். உருகியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்பு பால்போல ஒரே சீராக இருந்தது, இப்போது திரைந்த பால்போல. கண்ணாடியில் சின்னச் சின்னத் துகள்கள் ஒட்டியிருந்தன. நன்றாகக் குலுக்கினேன். துகள்கள் கரைந்தமாதிரித் தெரிந்தது. பெட்டிகளுக்குள் திரும்ப வைத்து, ஐஸுக்கு எட்டாமல் மேல் தட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நாலு நாளில் கொழும்பிலிருந்து அதிகாரிகள் எங்கள் திட்டத்தைப் பார்க்க வரவிருந்தார்கள். மருந்து பங்கீட்டில் கொடுக்கப்பட்ட காலம் அது. மூன்று குப்பி பழுது என்று போய் நின்றால், அவை எங்கே போயின என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். எங்கள் பிரிட்ஜில் உறைந்து பழுதாகிவிட்டது என்று நான்தான் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். அதே வாரத்தில் அதே பிரிட்ஜைப் புகழ்ந்து இன்னொரு தாளில் கையெழுத்திட இருந்தேன். அத்தோடு, எல்லோருக்கும் முன்னால் பழுதாகாது என்று சொன்னவன் நான். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எழுதும்போது கொஞ்சம் வெட்கம் குறைந்திருக்கும்.

அதிகாரிகள் வந்துபோன பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் அவரிடம் பாதிக் குப்பி இருந்தது. அது முடிய நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் சரிதான்.

அதிகாரிகள் வந்தார்கள். கூரையைப் பார்த்தார்கள், படங்கு மூடிய ஜெனரேற்றரைப் பார்த்தார்கள். மூத்தவர் பிரிட்ஜைத் திறந்து ஒரு போத்தலை எடுத்துக் குடித்துவிட்டு, பல் கூசுகிறது என்று சிரித்தார். இந்த முறையை எழுதி அனுப்பும்படியும் மற்றச் சிறிய நிலையங்களுக்கும் அனுப்புவதாகவும் சொன்னார். காக்கா வாசலில் சேர்ட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். போகும்போது அவருடைய தோளிலும் தட்டிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரம் சொல்லியிருக்கலாம். அவருடைய சந்தோசத்தைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் குடாவின் மறுகரையிலிருந்து ஷெல் சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காக்கா கந்தோருக்குள் ஓடி வந்தார்.

"சேர், பாதையைப் பின்னேரத்தோட நிப்பாட்டப் போறாங்களாம். பிறகு எப்ப விடுவாங்களெண்டு ஆருக்கும் தெரியாது. நான் வீட்ட போகோணும்."

"போங்கோ, போங்கோ."

"மூண்டு குப்பியையும் கொண்டு போறன். கடிதம் ஒண்டு தாருங்க."

நான் கடிதத் தாளை எடுத்தேன். அப்போது காலை பத்து மணியிருக்கும். மோட்டார் சைக்கிளில் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புது மருந்து எடுத்துத் திரும்ப ஒரு மணித்தியாலம் போதும். சாவி என் மேசையில் இருந்தது. அவர் பிரிட்ஜைத் திறந்து குப்பிகளை எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, அதைப் பொலித்தீனில் சுற்றி, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் வைத்தார். நான் எழுதினேன்: இவருடைய மனைவியின் பாவனைக்கான மூன்று குப்பி இன்சுலின், என் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அவரிடம் நீட்டினேன்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான், சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதை அன்றைக்கு நின்றது. சம்பூர் வெறுமையாகி, தீயணைப்புத் தலைவரின் குடும்பம் வெருகல் பக்கமாகப் போய், அங்கிருந்தும் எழும்பியது. அவருடைய வாய் அதன்பிறகு அடங்கிப்போயிற்று. மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு நடந்தது. கிண்ணியாப் பள்ளிக்கூடங்கள் அகதிகளால் நிறைந்தன என்று கேள்விப்பட்டேன். காக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்த அந்தப் பாதிக் குப்பியைக் கணக்குப் பார்த்தேன். இன்று முடிந்திருக்கும். இன்று புதுக் குப்பி திறந்திருப்பார்கள்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். தாடி நரைத்திருந்தது. ஜெனரேற்றர் அறை வாசலில் குந்தியிருந்து சொன்னார்.

"அவ மௌத்தாப் போயிட்டா, சேர்."

"நீங்க தந்த மருந்து கையில இரிந்தது. பழைய குப்பி முடிய உங்கட குப்பியத் திறந்து நேரம் தவறாமக் குத்தினன். ஆனா சீனி ஏறிக்கொண்டே போகுது. தண்ணி தண்ணியெண்டு கேக்கிறா, வாந்தி எடுக்கிறா. கூட்டிக் குத்தினன். அப்பவும் இறங்கல்ல. மருந்து சரியா இரிக்க, சீனி எப்படி ஏறும், சொல்லுங்க?"

அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"பள்ளியில அகதிச் சனத்துக்குச் சீனி குடுத்தாங்க. எங்கட வீட்டிலயும் ஒரு பை கிடந்தது. அவ களவாத் திண்டிரிக்கா, சேர். வாழ்நாள் முழுக்க நாக்கக் கட்டினவ, சாகப் போறமெண்டு நினைச்சுத் திண்டிட்டா போல. நான் ஏசினன். மகள் குறுக்கால வந்து, உம்மா திண்ணல்ல, நான் பாத்துக்கொண்டுதான் இரிந்தன் எண்டு அழுதாள். நீயும் சேந்து பொய் சொல்றியா எண்டு அவளுக்கும் ஏசினன். கடைசி ரெண்டு நாளும் அவ என்னோட கதைக்கவே இல்ல."

நான் அவருடைய தோளில் கை வைத்தேன். அதுதான் நான் செய்தது.

"உங்கட ஐஸ் பெட்டி இல்லாட்டி மருந்து எப்பவோ பழுதாயிரிக்கும். நீங்க செய்ய ஏலுமானதச் செய்தீங்க, சேர்" என்றார் அவர்.

அந்த ஆண்டு முடிவில் எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. என் குறிப்பேட்டைப் பிரதி எடுத்து மற்ற நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் அதில் நான் ஒரு வரி சேர்த்தேன்: இம்முறையில் இயங்கும் பிரிட்ஜில் மருந்துப் பொருட்கள் எதையும் வைக்கக்கூடாது. காரணம் எழுதவில்லை. இனி யாருக்கும் அப்படி நடக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வரியைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

போர் முடிந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது. அவர் ஓய்வு பெற்றார், பிறகு நானும். அன்புவழிபுரத்தில் வீடு கட்டிக் குடியேறினேன். பெருநாளுக்குப் பெருநாள் அவர் தொலைபேசியில் கதைப்பார். மனைவியின் பேச்சு எப்போதாவது வந்தால், "நாக்கு அவவக் கொண்டு போயிட்டுது" என்பார். நான் ஓம் என்றும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல் இருப்பேன்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். விமான நிலையங்கள் காபன் வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றி ஆய்வு செய்கிறார். சூரியத் தகடுகள், மின்சார வண்டிகள் என்று இப்போது நடப்பவற்றை எனக்கு விளக்கினார். கேட்க ஆசையாக இருந்தது. எப்படியோ என் பழைய குறிப்பேட்டின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. இந்த நாட்டில் இதை இவ்வளவு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார் என்று சொன்னார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"இந்த வரி மட்டும் விளங்கயில்லை, ஐயா. மருந்து ஏன் வைக்கக்கூடாது? ஏதாவது நடந்ததா?"

"பொதுவான முன்னெச்சரிக்கை, பிள்ளை" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். உங்களோடு வேலை செய்த இயந்திர ஓட்டுநர் உயிரோடு இருக்கிறாரா, இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திக் கதைக்கலாமா என்று கேட்டார். அவருடைய ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் காக்கா உட்கார்ந்து, சேருடைய ஐஸ் பெட்டி இப்படி, சேர் அப்படி என்று புகழ்வதை நினைத்துப் பார்த்தேன். மருந்து நல்லாத்தான் இருந்தது, என்ர மனிசிதான் சீனி திண்டவ என்று அதற்குள்ளும் சொல்லிவிடுவார். அது அச்சில் வந்துவிடும்.

அடுத்த நாளே பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன்.

காக்கா முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார், முழங்கால் விடவில்லை.

"என்ன சேர், சொல்லாமக் கொள்ளாம! மகள், தேத்தண்ணி போடுங்க, சேர் வந்திரிக்கார்!"

உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. அவர் இப்போது பாடசாலை ஆசிரியை. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வாப்பாவோடு இருக்கிறார்.

தேநீர் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வந்துவிட்டால் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் சொல்ல முடியாது. உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். மூன்று குப்பியும் உறைந்திருந்ததைக் கண்டேன். உறைந்ததைப் பாவிக்கக்கூடாது என்று தாளில் வாசித்தேன். தெரிந்துகொண்டே கையெழுத்திட்டுத் தந்தேன். நீங்கள் குத்தியது மருந்தில்லை, காக்கா.

அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"மூண்டுமா?" என்று கேட்டார்.

"மூண்டும்."

"திறந்த முதலாவதும்?"

"ஓம்."

அவர் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் திரும்பி, "மகள், இஞ்ச வாங்க" என்றார்.

மகள் தேநீர்க் கோப்பையோடு வந்தார். தாயின் முகம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்தத் தாயைக் கண்டதே இல்லை.

"சேர் இப்ப சொன்னத உங்களுக்கும் சொல்லட்டும். சொல்லுங்க, சேர்."

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. மகள் கோப்பையை மற்றக்க் கதிரையில் வைத்துவிட்டு நின்றார். நான் முடித்ததும் தகப்பனைப் பார்த்தார், என்னையல்ல.

"உம்மா திண்ணல்ல எண்டு நான் அண்டைக்கே சொன்னனே, வாப்பா."

"ஓம், மகள்" என்றார் காக்கா. "நீங்க சொன்னீங்க."

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சேர்ட்டைக் கேட்டார். மகள் உள்ளே போய் எடுத்து வந்து, சின்னப்பிள்ளைக்குப் போடுவதுபோலக் கைகளை நுழைத்துவிட்டார். மகளுக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் பொத்தான்களைச் சரியாகப் பூட்டினார்.

"காக்கா, என்னை..." என்று தொடங்கினேன்.

"அத என்னட்டக் கேக்காதீங்க, சேர்" என்றார். குரல் உயரவில்லை. "நானே ஒருத்திட்டக் கேக்கப் போறன். எனக்கே கிடைக்குமோ தெரியாது."

தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மனைவியை அடக்கிய மையவாடி தெருவின் கடைசியில் இருந்தது. உதவிக்கு வந்த மகளையும் வேண்டாம் என்று கையால் நிறுத்திவிட்டு, முழங்காலை இழுத்து இழுத்துத் தனியாக நடந்தார். அவரைக் கடந்து போய் பஸ் பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் அந்த விறாந்தையிலேயே நின்றேன்.